தொழில் வழிகாட்டலும் பள்ளியின் கடமையும்

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், பினாங்கு மாநில எல்லைக்கு அருகில் அமைந்துள்ள நகரம் கூலிம். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களாலும் ரப்பர்த் தோட்டங்களாலும் அறியப்பட்ட இவ்வட்டாரம், இன்று மின்னணுச் சில்லுகளுக்குப் பெயர் பெற்று விளங்குகிறது. 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா, மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்காவாகும். அமெரிக்காவின் இன்டெல், ஜெர்மனியின் இன்ஃபினியன் முதலிய நிறுவனங்கள் இங்குத் தொழிற்சாலைகள் அமைத்துள்ளன. 2006ஆம் ஆண்டு முதல் கூலிமில் இயங்கிவரும் இன்ஃபினியன், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சிலிக்கான் கார்பைடு சில்லுகளைத் தயாரிக்கும் புதிய தொழிற்சாலையையும் திறந்தது. மின்சார வாகனங்களுக்கும் சூரிய ஆற்றல் கருவிகளுக்கும் இத்தகைய சில்லுகள் தேவைப்படுகின்றன.

ஒரு தொழிற்சாலைக்குள் பல நிலைகளில் பணிகள் உள்ளன. இயந்திரத்தை இயக்குபவர் ஒருவர். அது பழுதடையும்போது சரிசெய்யும் தொழில்நுட்பர் ஒருவர். உற்பத்தி முறையையே வடிவமைக்கும் பொறியியலாளர் ஒருவர். மூவரும் ஒரே வாயில் வழியாக வேலைக்குச் செல்கின்றனர். ஆனால், அவர்களுடைய ஊதியமும் பணி நேரமும் முன்னேறும் வாய்ப்பும் வேறுபடுகின்றன. இந்த வேறுபாடு பெரும்பாலும் தொழிற்சாலையில் தோன்றுவதில்லை. பதினைந்து வயதில், படிவம் மூன்றின் இறுதியில், எந்தப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும்போதே அது தொடங்கிவிடுகிறது. அந்த முடிவை அறிந்து எடுப்பதற்கு மாணவர்களுக்குத் துணை நிற்பதே தொழில் வழிகாட்டல். அத்துணையை ஒவ்வொரு மாணவருக்கும் வழங்குவது பள்ளியின் கடமையாகும்.

தோட்டப்புற வாழ்வும் தொழிலும்

பாடாங் செராய், லூனாஸ், காராங்கான், மஹாங் போன்ற ஊர்களைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்த காலத்தில், தொழில் என்பது தேர்ந்தெடுக்கப்படும் ஒன்றாக இருக்கவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குச் சென்ற பெற்றோரின் பின்னால், வயது வந்ததும் பிள்ளைகளும் சென்றனர். பால்மரம் சீவுவோர், களை எடுப்போர், ரப்பர் ஆலையில் வேலை செய்வோர் ஆகியோரையே பிள்ளைகள் நாள்தோறும் கண்டனர். கங்காணி, கிராணி, மருந்தகப் பணியாளர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஆகியோர் அவர்கள் கண்ட உயர்ந்த பதவியினர். அந்த வட்டத்துக்கு அப்பால் எத்தனை தொழில்கள் உள்ளன என்பதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

பின்னர், பல தோட்டங்களில் ரப்பருக்குப் பதிலாகச் செம்பனை பயிரிடப்பட்டது. சில தோட்டங்கள் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டன. லயன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் நகர்ப்புறக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தன. பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் தொடரும் நிலை மாறியது. தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைகளுக்குக் கிடைத்தது. எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற அறிவோ எல்லா வீடுகளுக்கும் உடனே வந்து சேரவில்லை.

மருத்துவரின் மகளுக்கு மருத்துவத் துறையைப் பற்றி உணவு மேசையிலேயே தகவல் கிடைத்துவிடும். பொறியியலாளரின் மகன், தன் தந்தையின் நண்பர்களிடம் கேட்டு வழியறியலாம். தன் குடும்பத்தில் முதன்முதலாக எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை. அவருடைய பெற்றோரிடம் அன்புக்கும் அக்கறைக்கும் குறைவில்லை, தகவல்தான் குறைவு. அந்தக் குறையைப் பள்ளியால் நிறைவு செய்ய முடியும். ஆகவே, வீட்டில் கேட்டறிய ஆள் இல்லாத மாணவருக்குப் பள்ளியின் வழிகாட்டல் இன்றியமையாததாகிறது.

வழிகாட்டல் என்பது யாது?

“நீ மருத்துவர் ஆக வேண்டும்” என்று கட்டளையிடுவது வழிகாட்டல் ஆகாது. “உன் மதிப்பெண்ணுக்கு இதுதான் கிடைக்கும்” என்று ஒதுக்கிவிடுவதும் வழிகாட்டல் ஆகாது. மாணவர் தம்மை அறிந்து, தொழில் உலகையும் அறிந்து, தாமே முடிவெடுக்கத் துணை செய்வதே வழிகாட்டலாகும்.

இக்கருத்து ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். சரியான தொழில் தேர்வுக்கு மூன்று படிகள் தேவை என்று அவர் விளக்கினார். முதலாவது, தன் ஆற்றலையும் விருப்பத்தையும் குறைகளையும் அறிதல். இரண்டாவது, தொழில்களின் தன்மை, தேவை, ஊதியம், வாய்ப்பு ஆகியவற்றை அறிதல். மூன்றாவது, இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்துச் சிந்தித்தல்.

பிற்காலத்தில் ஜான் ஹாலந்து என்ற அமெரிக்க உளவியலாளர், தொழில் நாட்டத்தை ஆறு வகைகளாகப் பிரித்தார். கருவிகளைக் கையாள விரும்புவோர், ஆராய விரும்புவோர், கலைப் படைப்பில் ஈடுபட விரும்புவோர், பிறருக்கு உதவ விரும்புவோர், தலைமை ஏற்று வணிகம் செய்ய விரும்புவோர், ஒழுங்காகக் கணக்குகளையும் ஆவணங்களையும் பேண விரும்புவோர் என்பன அவ்வகைகள். பெரும்பாலோரிடம் இவற்றுள் இரண்டு மூன்று நாட்டங்கள் கலந்தே காணப்படும். மலேசியப் பள்ளிகளில் மாணவர்கள் நிரப்பும் தொழில் நாட்ட வினாநிரல் இக்கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டதாகும்.

மலேசியப் பள்ளிகளில் வழிகாட்டல்

மலேசியாவில் 1960களிலேயே பள்ளிகளில் வழிகாட்டல் சேவை அறிமுகமானது. தொடக்கத்தில், பாடம் கற்பிக்கும் ஆசிரியர்களே இப்பொறுப்பையும் சேர்த்துச் சுமந்தனர். 1996ஆம் ஆண்டு முதல், இடைநிலைப் பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர்கள் நியமிக்கப்படலாயினர். 500 மாணவர்களுக்கு ஓர் ஆலோசக ஆசிரியர் என்பது அப்போது வகுக்கப்பட்ட அளவு. 1998ஆம் ஆண்டில் ஆலோசகர் சட்டம் இயற்றப்பட்டது. முறையான தகுதி பெற்றுப் பதிவு செய்தவர்களே ஆலோசகர்களாகத் தொழில் புரிய முடியும் என்று அச்சட்டம் வரையறுத்தது.

இன்று, ஆலோசக ஆசிரியரின் பணி நான்கு துறைகளை உள்ளடக்கியது. நற்பண்பு வளர்ச்சி, கட்டொழுங்கு மேம்பாடு, தொழில் கல்வி, மனநலமும் சமூக நலமும் ஆகியவை அவை. ஆகவே, தொழில் வழிகாட்டல் என்பது நேரம் கிடைத்தால் செய்யப்படும் கூடுதல் பணியன்று. ஆலோசக ஆசிரியரின் முதன்மைப் பணிகளுள் ஒன்று.

பள்ளி ஆற்ற வேண்டிய கடமைகள்

முதல் கடமை, உரிய காலத்தில் தகவலைத் தருவதாகும். 2020ஆம் ஆண்டு முதல் படிவம் நான்கில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பகுப்பு நீக்கப்பட்டு, பாடத் தொகுப்புகளிலிருந்து மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இதனால் தேர்வுகள் விரிந்தன. தவறாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் கூடியது. பொறியியல் பட்டப்படிப்புகளுக்குப் பொதுவாகக் கூடுதல் கணிதமும் இயற்பியலும் எதிர்பார்க்கப்படுகின்றன. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்புவோருக்கு எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியில் சிறந்த தேர்ச்சி தேவை. தோழர்கள் எடுக்கவில்லை என்பதற்காகக் கூடுதல் கணிதத்தையோ தமிழையோ கைவிடும் மாணவர், தாம் எந்தக் கதவை மூடுகிறோம் என்பதை அறியாமலேயே மூடிவிடுகிறார். எஸ்.பி.எம். முடிவு வந்த பின்னர் இத்தகவலைக் கூறுவதால் பயன் குறைவு. படிவம் மூன்றிலேயே, பாடத் தேர்வுப் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே, அது கூறப்பட வேண்டும். “ஆழம் அறியாமல் காலை விடாதே” என்பது பழமொழி. ஆழத்தை அளந்து காட்டும் கோலைப் பள்ளிதான் தர வேண்டும்.

இரண்டாம் கடமை, எல்லா வழிகளையும் நடுநிலையோடு எடுத்துக்காட்டுவதாகும். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின்னர் ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழக அடிப்படைக் கல்வி, பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி, திறன் பயிற்சி நிலையம் எனப் பல பாதைகள் பிரிகின்றன. படிவம் மூன்றுக்குப் பின்னரே தொழிற்கல்லூரியில் சேரும் வழியும் உண்டு. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றொன்று ‘படிக்காத பிள்ளைகளுக்கு உரியது’ என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் உள்ளது. தொழில்நுட்பக் கல்வி தோல்வியடைந்தோரின் புகலிடம் என்று மாணவர்கள் எண்ணும்படி பள்ளி நடந்துகொள்ளக் கூடாது. அதுபோலவே, பள்ளியின் தேர்ச்சி நிலை குறைந்துவிடும் என்று அஞ்சி, முயற்சியுள்ள மாணவரைக் கடினமான பாடத்திலிருந்து விலக்கிவிடுவதும் முறையன்று. பள்ளியின் பெயரைவிட மாணவரின் எதிர்காலமே முதன்மையானது.

மூன்றாம் கடமை, ஒவ்வொரு மாணவருக்கும் தனி ஆலோசனை வழங்குவதாகும். மண்டபத்தில் அனைவரையும் அமரவைத்து ஆற்றப்படும் உரை தேவைதான். அது மட்டும் போதாது. நாட்ட வினாநிரலை நிரப்பிய மாணவருக்கு அதன் முடிவு என்ன பொருள் தருகிறது என்று விளக்க வேண்டும். விளக்கப்படாத முடிவு, கோப்பில் உறங்கும் வெறும் தாளாகிவிடும். மேலும், வினாநிரல் காட்டுவது நாட்டத்தையே; விதியை அன்று. நாட்டம் இருந்தும் திறன் குறைவாக இருந்தால், அத்திறனை எவ்வாறு வளர்ப்பது என்பதையும் ஆலோசக ஆசிரியர் மாணவரோடு சேர்ந்து திட்டமிட வேண்டும்.

நான்காம் கடமை, தொழில் செய்வோரை மாணவர்கள் நேரில் சந்திக்க வழிசெய்வதாகும். சில்லுத் தொழிற்சாலையின் தூய்மை அறையில் தூசு நுழையாதிருக்க, பணியாளர்கள் தலை முதல் கால் வரை மூடிய ஆடை அணிந்திருப்பர். அந்த ஆடையோடு இரவும் பகலும் மாறிமாறி வரும் நீண்ட பணி நேரத்தில் வேலை செய்வது எப்படி இருக்கும் என்பதை எந்தக் கையேட்டையும்விட அங்கே பணிபுரியும் ஒருவர் நன்றாகக் கூற முடியும். பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர், தாம் பயின்ற பாடங்களையும் சந்தித்த தடைகளையும் பகிர்ந்துகொள்ளும்போது, “நம்மைப் போன்ற ஒருவரே இதை அடைந்திருக்கிறார்” என்ற நம்பிக்கை பிறக்கும். பெண் தொழில்நுட்பர் ஒருவர் வந்து பேசினால், இயந்திர வேலை ஆண்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் மாணவியரிடம் தானே கரையும்.

ஐந்தாம் கடமை, பெற்றோரையும் இணைத்துக்கொள்வதாகும். பாடத் தொகுப்பின் பெயர்களும் விண்ணப்பத் தளங்களும் பெற்றோருக்குப் புதியவை. அவர்களுக்குப் புரியும் மொழியில், அவர்கள் வர இயலும் நேரத்தில் விளக்கமளித்தால், வீட்டிலும் தெளிவான உரையாடல் நிகழும்.

கூலிமில் திறந்திருக்கும் வழிகள்

எடுத்துக்காட்டாக, கூலிமைச் சேர்ந்த மாணவர் ஒருவருக்கு இயந்திரங்களைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்வதில் ஆர்வம் உண்டு என்று கொள்வோம். குடும்ப வருமானமோ குறைவு. எஸ்.பி.எம். முடிந்ததும் அவர் தொழிற்சாலையில் இயக்குநராகச் சேரலாம். 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மலேசியாவின் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. மிகைநேர வேலையும் செய்தால் கைக்கு இன்னும் கூடுதலாக வரும். பதினெட்டு வயது இளைஞருக்கு அது பெரிய தொகையாகத் தோன்றும். குடும்பத்துக்கும் அது உடனடி உதவி. இவ்வேலை இழிவானதன்று, உழைப்பு எதுவாயினும் மதிப்புக்குரியதே. ஆனால், இது ஒன்றுதான் வழி என்று எண்ணி அவர் சேர்வதற்கும், மற்ற வழிகளையும் அறிந்த பின்னர்த் தேர்ந்தெடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

அவர் அறிந்திருக்க வேண்டிய வழிகள் வெகு தொலைவில் இல்லை. துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் கூலிமிலேயே அமைந்துள்ளது. மின்னியல், இயந்திரவியல் துறைகளில் அங்கு டிப்ளோமா பயிலலாம். மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் அட்டெக் உயர் தொழில்நுட்பப் பயிற்சி மையமும் கூலிமில் உண்டு. அத்தகைய மையங்களில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று, படிப்படியாகத் திறன் டிப்ளோமாவுக்கு உயரலாம். திறன் சான்றிதழ் ஒன்று முதல் மூன்று வரையிலான நிலைகளைக் கொண்டது. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை மேம்பட்ட டிப்ளோமா ஆகும். டிப்ளோமாவுக்குப் பின்னர், பெர்லிஸ் மாநிலத்திலுள்ள மலேசிய பெர்லிஸ் பல்கலைக்கழகம் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்பைத் தொடரவும் வாய்ப்புண்டு.

பணத் தேவைக்கும் வழிகள் உள்ளன. உயர்கல்விக்கு 1997ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய உயர்கல்விக் கடனுதவி நிதியும், திறன் பயிற்சிக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமும் கடனுதவி வழங்குகின்றன. உடனே வருமானம் தேவைப்படுவோருக்கு, 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய இரட்டைப் பயிற்சி முறை பொருத்தமாக அமையலாம். ஜெர்மனியின் முறையைப் பின்பற்றிய இப்பயிற்சியில், பெரும்பகுதி பணியிடத்திலும் எஞ்சிய பகுதி பயிற்சி நிலையத்திலும் நடைபெறுகிறது. ஏற்கெனவே வேலையில் சேர்ந்துவிட்டவர்களுக்கும் வாய்ப்பு முடிந்துவிடவில்லை. அவர்கள் பணியில் பெற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் முறையும் நடப்பில் உள்ளது.

இத்தனை வழிகளையும் ஒரு மாணவர் தாமாகவே தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தகுதி, தனித்தனி விண்ணப்பத் தளம், தனித்தனி இறுதி நாள். இறுதி நாள் கடந்த பிறகு கிடைக்கும் தகவல், புறப்பட்டுவிட்ட பேருந்தின் கால அட்டவணையைப் போன்றது. இவற்றை ஒழுங்குபடுத்தி, உரிய மாணவரின் கையில் உரிய நேரத்தில் சேர்ப்பதே பள்ளி ஆற்றும் பேருதவி.

பிற நாடுகளின் அனுபவம்

இங்கிலாந்தில், 2012ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்குச் சார்பற்ற தொழில் வழிகாட்டலைப் பெற்றுத் தருவது பள்ளிகளின் சட்டக் கடமையாக்கப்பட்டது. எனினும், சட்டம் இயற்றியதால் மட்டும் தரம் உயர்ந்துவிடவில்லை. எனவே 2014ஆம் ஆண்டில், நல்ல வழிகாட்டலுக்குரிய எட்டு அளவுகோல்கள் அங்கு வகுக்கப்பட்டன. மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் முதலாளி அல்லது பணியாளர் ஒருவரையேனும் பயனுள்ள வகையில் சந்திக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனி ஆலோசனை கிடைக்க வேண்டும், பாடங்களைத் தொழிலோடு தொடர்புபடுத்திக் கற்பிக்க வேண்டும் என்பன அவற்றுள் சில. பின்லாந்தில் வழிகாட்டல், பள்ளிப் பாடத்திட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. இந்நாடுகள் உணர்ந்த உண்மை ஒன்றே: வழிகாட்டல் ஒரு நாள் நிகழ்ச்சியாக இருந்தால் பயனில்லை, ஆண்டு முழுவதும் தொடரும் பணியாக இருக்க வேண்டும்.

பகிர்ந்துகொள்ள வேண்டிய பொறுப்பு

ஓர் ஆலோசக ஆசிரியர் 500 மாணவர்களைக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொருவரோடும் ஒரு மணி நேரம் பேசினாலே 500 மணி நேரம் தேவை. ஆண்டில் 40 பள்ளி வாரங்கள் என்று கணக்கிட்டால், வாரத்திற்குப் பன்னிரண்டரை மணி நேரம் இதற்கே செலவாகும். கட்டொழுங்கு, மனநலம் முதலிய மற்றப் பணிகளும் அவருக்கு உள்ளன. ஆகவே, இப்பொறுப்பை அவர் ஒருவரின் தோளில் மட்டும் ஏற்றிவிட இயலாது.

பள்ளி முதல்வர் வழிகாட்டலுக்கு நேரமும் இடமும் ஒதுக்க வேண்டும். பாட ஆசிரியர்கள் தத்தம் பாடம் எந்தெந்தத் தொழிலுக்குப் பயன்படுகிறது என்பதை வகுப்பிலேயே எடுத்துக்காட்டலாம். கணித ஆசிரியர் புள்ளியியலைக் கற்பிக்கும்போது, தொழிற்சாலையில் பழுதான சில்லுகளைக் கணக்கிடும் முறையைக் குறிப்பிடலாம். தமிழாசிரியர் கட்டுரை கற்பிக்கும்போது, ஊடகவியலாளர், மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர் ஆகியோரின் பணிகளை அறிமுகப்படுத்தலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர்களும் தொழிற்சாலைக் கதவுகளைத் திறந்துவிட உதவலாம்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஆலோசக ஆசிரியரின் அறைக்குச் செல்வோர் ஏதோ தவறு செய்தவர்கள் என்ற தவறான எண்ணம் சில பள்ளிகளில் நிலவுகிறது. உண்மையில், அந்த அறை எல்லா மாணவர்களுக்கும் உரியது. தமக்கு எதில் விருப்பம், எந்தப் பாடம் எளிது, எது கடினம், வீட்டின் நிலை என்ன என்பவற்றைச் சிந்தித்துக் குறித்துக்கொண்டு செல்லும் மாணவருக்கு, அங்குச் செலவிடும் அரை மணி நேரம் மிகுந்த பயன் தரும். “இந்தப் பாடத்தை விட்டால் எந்த வழி அடைபடும்?”, “வேலை செய்துகொண்டே படிக்க முடியுமா?”, “இந்தப் படிப்புக்கு எவ்வளவு செலவாகும்?” போன்ற கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

பள்ளி, மாணவருக்கு வேலையைத் தேடித் தரும் இடமன்று. மாணவர் எந்தத் தொழிலை ஏற்பார் என்பதை முடிவு செய்யும் உரிமையும் பள்ளிக்கு இல்லை. அவர் அறியாமையால் எந்த வாய்ப்பையும் இழந்துவிடாமல் காப்பது பள்ளியின் கடமை. தொழிற்சாலையில் இயக்குநராகவோ, தொழில்நுட்பராகவோ, பொறியியலாளராகவோ, தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ ஒருவர் ஆகலாம். எதுவாயினும், அது அவர் வழிகள் அனைத்தையும் கண்டறிந்து தாமே தேர்ந்தெடுத்ததாக இருந்தால், பள்ளி தன் கடமையைச் செய்துவிட்டது என்று கூறலாம்.